ஐந்தாம் எண் ஃப்ளை ஃபிஷிங் செட்: கோலை நம்பி வாங்கலாம், லைனை மாற்றியே ஆக வேண்டும்

சென்ற அக்டோபரில் இணையத்தில் வரவழைத்த, பொய்ப்பூச்சி காட்டி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் செட் ஒன்றைக் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நான்கு மாதங்களும், மார்ச் இரண்டாம் வாரத்தில் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில் ஐந்து நாட்களும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். இதே செட் மூன்று நான்கு பெயர்களில் விற்பனைக்கு இருப்பதுபோல் தெரிவதால், பெயரைவிட அடையாளத்தைச் சொல்வதுதான் வாங்குபவருக்கு உதவும். ஒன்பது அடி நீளமுள்ள, நான்கு துண்டுகளாகப் பிரியும் கரும்பச்சைக் கார்பன் கோல், வார்ப்பு அலுமினிய ரீல், மஞ்சள் நிற மிதவை லைன், அதன் நுனியில் கட்டும் மெல்லிய இழையான லீடர் ஒன்று, பன்னிரண்டு பொய்ப்பூச்சிகள் கொண்ட சிறு டப்பா, இவற்றை வைக்க ஓர் அலுமினியக் குழாய். விலை ரூ.9,800.

தாழங்குடாவிலும் உப்பனாற்றிலும் தங்கூசியும் ஈயக்குண்டும் கொண்டு தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த செட்டின் குறையும் நிறையும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. நம் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது. ஈயக்குண்டை வீசினால் தங்கூசி அதன் பின்னால் ஓடும். டிரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்குக் காட்டும் பொய்ப்பூச்சியோ கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்தது, ஊதினால் பறக்கும் அளவுக்கு இலேசானது. அதை எவராலும் வீச முடியாது. ஆகவே எடை முழுவதையும் லைனிலேயே வைத்துவிடுகிறார்கள். லைன் பின்னால் நீண்டு நேரானதும் கோல் வளைகிறது. வளைந்த கோல் நிமிரும்போது லைனை முன்னே தள்ளுகிறது. பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. கோலுக்கும் லைனுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். ஐந்தாம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9.1 கிராம் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட அளவு.

மைதானத்தில் விடியற்காலையில், கடற்காற்று கிளம்புவதற்கு முன், லீடரின் நுனியில் கொக்கிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டி வீசிப் பழகினேன். இரண்டு மாதங்கள் ஆகியும் லைன் நாற்பது அடியைத் தாண்டவில்லை. முன்னே போகும் லைன் பாதி வழியில் சோர்ந்து, குவியலாகப் புல்லில் விழுந்தது. என் கைப்பழக்கம் போதவில்லை என்றே நினைத்து, மணிக்கட்டை இறுக்கியும் கையை உயர்த்தியும் எத்தனையோ திருத்தங்கள் செய்துபார்த்தேன். ஜனவரியில்தான் லைனையே எடைபோட்டுப் பார்க்கத் தோன்றியது. தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துச் சென்று, முதல் 30 அடியை அளந்து, சுருட்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசுத் தட்டில் வைத்து, மிச்சத்தைத் தட்டில் படாமல் கையில் பிடித்துக்கொண்டேன். “தங்கம் மாதிரி பார்க்கிறீங்களே சார், இதுல கால் கிராம் குறைஞ்சா என்ன?” என்று கடைக்காரர் அக்கறையோடுதான் கேட்டார். எண்கள் ஆடி ஆடி 7.2 கிராமில் நின்றன. குறைவு கால் கிராம் அல்ல, கிட்டத்தட்ட இரண்டு கிராம். நான்காம் எண் லைனுக்கே 120 கிரெய்ன், அதாவது 7.8 கிராம் வேண்டும். பெட்டியில் ஐந்து என்று அச்சிட்டிருந்த லைன் நான்குக்கும் தேறவில்லை. அவ்வளவு குறைந்த எடையால் அந்தக் கோலை வளைக்க முடியவில்லை. வளையாத கோலால் எதையும் தள்ள முடியவில்லை.

விற்றவருக்குத் தராசின் படத்தோடு எழுதினேன். பத்து நாட்களுக்குள் திருப்பியிருக்க வேண்டும் என்ற பதில் மட்டுமே வந்தது. புதிதாகக் கற்பவர் ஒருவரால் பத்து நாட்களில் தன் கையின் பிழையையும் லைனின் பிழையையும் பிரித்தறிய முடியாது. எனவே அந்த நிபந்தனை நியாயமற்றது என்றே கருதுகிறேன். வேறோர் இடத்தில் ரூ.3,400 கொடுத்து, முன்பகுதி பருத்த ஐந்தாம் எண் மிதவை லைன் வாங்கினேன். அதே தராசில் அது 9.2 கிராம் காட்டியது. மறுநாள் காலையில் மூன்றாவது வீச்சிலேயே கோல் கைப்பிடிக்குச் சற்று மேல்வரை வளைவதை உள்ளங்கையில் உணர்ந்தேன். லைன் ஒரு குறுகிய வளையமாக உருண்டு சென்று, ஐம்பது அடிக்கு அப்பால் கம்பளி நூலை மெதுவாக இறக்கி வைத்தது. இரண்டு மாதங்களாக நாற்பது அடியைத் தாண்டாத அதே கோல்தான் இது.

இனி ஆற்றுக்கு வருவோம். தீர்த்தனில் இருப்பது பெரும்பாலும் பழுப்பு டிரவுட். அது இந்த நாட்டு மீன் அன்று. 1900ஆம் ஆண்டில் காஷ்மீரில் வேரூன்றி, அங்கிருந்து 1909இல் குலு பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரப்பட்ட முட்டைகளின் வழிவந்தது. குளிர்காலத்தில் முட்டையிடும் மீன் என்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே தூண்டில் போடத் தடை உண்டு; மார்ச் முதல் தேதி ஆறு திறக்கிறது. மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டே ஆற்றில் இறங்க வேண்டும்.

மார்ச் மாதத்துத் தண்ணீர்தான் இந்தக் கோலுக்கு உண்மையான சோதனையாக அமைந்தது. காலை எட்டு மணிக்கு வெப்பமானி 6 டிகிரி காட்டியது. அந்தக் குளிரில் டிரவுட் தரையோடு ஒட்டிக் கிடக்கும், இரைக்காக அதிகம் நகராது. பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் 8, 9 டிகிரிக்கு ஏறிய பிறகுதான் அசைவு தெரிந்தது. வெயில் அதிகமான நாட்களில் மூன்று மணிக்கெல்லாம் மேலே பனி உருகி, தண்ணீர் கலங்கத் தொடங்கியது. ஆக, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமே கிடைத்தது. அந்த நேரத்தில் வேலை செய்தது நீரின் மேல் மிதக்கும் பூச்சி அன்று. பித்தளை மணி கோத்த, 14ஆம் எண் கொக்கியில் கட்டிய, நீருக்குள் மூழ்கும் இளம்பூச்சி வடிவம். அதைப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தயங்கும் இடத்தில் இறக்கி, தரையை உரசியபடி ஓட்டத்தின் வேகத்திலேயே வரவிட வேண்டும்.

இதற்கு ஒன்பது அடி நீளம் மிகவும் உதவியது. கோலை உயர்த்திப் பிடித்து, நடுவே ஓடும் வேகமான நீரில் லைன் படாமல் தூக்கிக்கொள்ள முடிந்தது. நுனித் துண்டு போதிய அளவு மென்மையாக இருக்கிறது, லீடரின் முனையில் கட்டும் 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள டிப்பெட் இழையில் பெரிய மீன் திடீரென ஓடியபோதும் அறுந்துபோகவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் வந்த மீன் 31 சென்டிமீட்டர் இருந்தது. வெண்ணெய் நிற விலாவில் கருப்புப் புள்ளிகளும், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய வளையம் போட்ட சிவப்புப் புள்ளிகளும் இருந்தன. உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் தொற்றும் என்பதால், கையை நனைத்துக்கொண்டு நீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றினேன். கொக்கியின் எதிர்முள்ளை முன்பே குறட்டால் நசுக்கியிருந்ததால் ஒரு திருப்பில் வந்துவிட்டது. சில நொடிகள் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, பிறகு பாறையடிக்குப் போய்விட்டது.

கோலில் எனக்குப் பட்ட ஒரே குறை, இரண்டாம் மூட்டு மணிக்கொரு தரம் தளர்வதுதான். கவனிக்காமல் வீசினால் மூட்டு வெடித்துவிடும். மெழுகுவத்தியை ஆண் பகுதியில் இலேசாகத் தேய்த்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. பிரித்தால் ஒவ்வொரு துண்டும் இரண்டரை அடிக்குள் அடங்கும் என்பதால் ரயிலில் சென்னை, டெல்லி வழியாகவும், பிறகு தீர்த்தனுக்கு வழி பிரியும் ஔட் வரை பேருந்திலும் குழாயை மடியருகே வைத்தே கொண்டுபோக முடிந்தது.

ரீல் சுமார். டிரவுட்டுக்கு ரீலின் வேலை பெரும்பாலும் லைனைச் சுருட்டி வைப்பதுதான், அதைச் செய்கிறது. ஆனால் உடல்தான் அலுமினியம். திருகுகள் சாதாரண இரும்பு. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் வீட்டிலேயே டிசம்பருக்குள் இரண்டு திருகுகள் துருப்பிடித்துவிட்டன. கூட வந்த பன்னிரண்டு பூச்சிகளின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்ததில், கொக்கி வழுக்காமல் குத்தி நின்றவை இரண்டே. லீடர் நன்றாக இருந்தது.

இதையே உப்பனாற்றில் கொடுவாவுக்கு வீசலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். நம் கடற்காற்றை எதிர்த்து, கனத்த பூச்சியை வீச எட்டாம் எண்ணாவது வேண்டும். உப்புநீர் இந்த ரீலை ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவிடும்.

லைனையும் சேர்த்தால் செலவு ரூ.13,200 என்று கணக்கிட்டு வாங்குங்கள்; இயன்றால் கோலைத் தனியாக விற்கும் இடம் பார்த்து, லைனை முதலிலேயே நல்லதாக எடுங்கள். பெட்டியோடு வந்தால் 30 அடியை அளந்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள், பத்து நாட்கள் முடிவதற்குள். வீடு திரும்பியதும் கோலைத் துடைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்ட பிறகே குழாயை மூட வேண்டும்; ஈரத்தோடு மூடி வைத்ததில் என் கோலின் கார்க் கைப்பிடி நவம்பர் மழையில் நான்கே நாட்களில் பூசணம் பிடித்தது.