ரோஸினியா, ரேடியோ பாட்டா? பித்தளை பேண்டுக்கு எதை மாற்றி எழுதுவது

போன வருடம் ஒரு கிட்டார் பாட்டை எங்கள் பேண்டுக்காக மாற்றி எழுதி ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். அசல் பாட்டு ஈ மேஜரில் இருந்தது. நானும் யோசிக்காமல் அதே ஸ்கேலில் எழுதிவிட்டேன். டெனர் ஹார்ன் வாசிக்கும் அம்மையார் தாளை ஸ்டாண்டில் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஏழு ஷார்ப் குறிகள் (சுரத்தை அரைச் சுரம் ஏற்றச் சொல்பவை). இது இசையா, முள்வேலியா என்று கேட்டார். சரி, ஊதித்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தோம். எட்டாவது பாரில் (தாளச் சுற்றில்) எல்லாம் நின்றுபோனது.

பேண்டு என்றதும் நமக்குக் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டு டிரம்பெட் ஊதும் கோஷ்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. வட இங்கிலாந்தின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பித்தளை பேண்டு. இதில் டிரம்பெட்டும் கிடையாது, ஃப்ரெஞ்ச் ஹார்னும் கிடையாது. சோப்ரானோ ஒன்று உட்பட பத்து கார்னெட், ஒரு ஃப்ளூகல்ஹார்ன், மூன்று டெனர் ஹார்ன், இரண்டு பாரிட்டோன், இரண்டு யூஃபோனியம், மூன்று டிராம்போன், நான்கு டூபா என்று 25 பேர் ஊதுவார்கள். தாள வாத்தியத்துக்கு இரண்டு மூன்று பேர். போட்டிகளில் பேண்டுகளுக்கு ஐந்து படிகள் உண்டு. நான் இரண்டாம் பாரிட்டோன் வாசிக்கும் பேண்டு கடைசிப் படியில் இருக்கிறது. இரண்டாம் பாரிட்டோனை யாரும் கவனிப்பதில்லை. அதனால் மற்ற எல்லோரையும் கவனிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

இங்கே கச்சேரிப் பட்டியல் போடும்போதெல்லாம் ஒரே தகராறுதான். ஒரு கூட்டம் ஆர்கெஸ்ட்ரா ஓவர்ச்சர், அதாவது ஆபரா போன்றவற்றின் தொடக்க இசை, வேண்டும் என்று சொல்லும். இன்னொரு கூட்டம் ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டு வேண்டும் என்று சொல்லும். முதலாவது கஷ்டம், இரண்டாவது சுலபம் என்பதுதான் இரு தரப்புமே நம்புவது. இரண்டையும் எழுதிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில், விஷயம் நேர்மாறு என்பேன்.

முதலில் அந்த ஏழு ஷார்ப் சமாசாரம். பேண்டில் அநேகமாக எல்லா வாத்தியமும் பி ஃபிளாட் அல்லது ஈ ஃபிளாட் வகை (ஃபிளாட் என்றால் அரைச் சுரம் இறக்கியது). அதாவது தாளில் சி என்று இருப்பதை ஊதினால் பியானோவின் பி ஃபிளாட்டோ ஈ ஃபிளாட்டோ கேட்கும், அதனால் அவர்களுக்கு வேறு ஸ்கேலில் எழுத வேண்டும். பியானோவில் ஈ மேஜர் என்பது கார்னெட்காரருக்கு ஆறு ஷார்ப், டெனர் ஹார்னுக்கு ஏழு. அதையே ஓர் அரைச் சுரம் இறக்கி ஈ ஃபிளாட்டில் எழுதினால் கார்னெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட், டெனர் ஹார்னுக்கு ஒன்றுமே இல்லை. அரைச் சுரத்தில் ஏழு ஷார்ப் பூஜ்யமாகிவிடுகிறது! கிட்டார்காரர்களுக்கு ஈ பிடிக்கும், ஏனென்றால் கம்பி அப்படிக் கட்டியிருக்கிறது. வயலினுக்கும் டி, ஏ, ஈ எல்லாம் கைக்கு வாகு. இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினி 1829-இல் மேடையேற்றிய வில்லியம் டெல் ஆபராவின் (பாடியே நடிக்கும் நாடகம்) ஓவர்ச்சரில் குதிரைப் பாய்ச்சலாக வரும் அந்தக் கடைசிப் பகுதியும் ஈ மேஜர்தான். ஆக ஸ்கேல் விஷயத்தில் ரோஸினிக்கும் கிட்டார் பாட்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டையும் கொஞ்சம் இறக்க வேண்டியதுதான். அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது.

அந்த ஓவர்ச்சரையே எடுத்துக்கொள்வோம். ஐந்து செல்லோக்கள் தனியாக ஆரம்பிக்கின்றன. பேண்டில் செல்லோவின் வேலையைச் செய்வது யூஃபோனியம். மேல் வரி முதல் யூஃபோனியத்துக்கு, மற்றவை இரண்டாம் யூஃபோனியம், இரு பாரிட்டோன்கள், ஓர் ஈ ஃபிளாட் டூபா என்று போகும். (ஆமாம், எனக்கும் ஒரு வரி உண்டு.) புயல் பகுதியில் வயலின்கள் மூச்சுவிடாமல் ஓடுகின்றன. வயலினுக்கு மூச்சு தேவையில்லை, கார்னெட்டுக்குத் தேவை. அதனால் ஒருவர் இரண்டு பார் ஓடி, கடைசிச் சுரத்தை அடுத்தவரின் முதல் சுரத்தின்மேல் வைத்துவிட்டு ஒதுங்குவார். தொடர் ஓட்டத்தில் கோலைக் கை மாற்றுவது மாதிரி. கை மாறும் இடம் காதில் விழாதபடி எழுதுவதில்தான் திறமை. பின்னால் வரும் மேய்ச்சல் நிலக் காட்சியில் இங்கிலீஷ் ஹார்னும் புல்லாங்குழலும் பேசிக்கொள்ளும். அது ஃப்ளூகலும் சோப்ரானோ கார்னெட்டும் ஆகிவிடும். புல்லாங்குழலின் சுழல்களை சோப்ரானோவில் ஊதுபவருக்கு அன்றைக்கு உயிர் போய் உயிர் வரும் என்பது வேறு விஷயம். கடைசிப் பாய்ச்சலுக்கு நாக்கால் ‘து-கு து-கு’ என்று வெட்டி ஊத வேண்டும். நாகஸ்வரத்தில் துத்துகாரம் கேட்டவர்களுக்கு இது புரியும்.

வேலை நிறைய. ஆனால் அத்தனையும் பங்கிடும் வேலை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு சத்தம் என்பதையெல்லாம் ரோஸினி முடிவுசெய்துவிட்டுப் போய்விட்டார். யார் கையில் கொடுப்பது என்பது மட்டுமே என் பாடு. அதற்கும் வழி போட்டுவைத்திருக்கிறார்கள். மான்செஸ்டரின் பெல் வியூ தோட்டத்தில் 1853-இல் பேண்டுப் போட்டி தொடங்கியது. பிறகு பல பதிற்றாண்டுகள் போட்டிக்கு வாசித்ததெல்லாம் பெரும்பாலும் ஆபராவிலிருந்து வெட்டி ஒட்டிய தொகுப்புகள்தாம். ஜான் கிளாட்னி, எட்வின் ஸ்விஃப்ட், அலெக்சாண்டர் ஓவன் என்ற மூவர் பேண்டுகளை நடத்தியதோடு, இப்படி மாற்றி எழுதியும் பேர் வாங்கினார்கள். ஆபரா அரங்கின் வாசற்படியை மிதிக்காத நெசவாலைத் தொழிலாளிகள் ஆபரா இசையமைப்பாளர் வெர்டியை இப்படித்தான் கேட்டார்கள். பேண்டுக்கென்றே புதிதாக எழுதிய ஒரு படைப்பு தேசியப் போட்டிக்கு வந்தது 1913-இல்தான். பெர்சி ஃப்ளெட்சர் எழுதியது அது.

நஷ்டம் இல்லாமலும் இல்லை. வயலின் ஏறும் உயரத்துக்குக் கார்னெட் ஏறாது. ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்க வேண்டிவரும். அப்போது மேலே இருந்த பளபளப்பு போய், ஜன்னலைச் சாத்திய அறை மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, ஓபோவும் கிளாரினெட்டும் ஒன்றுக்கொன்று வேறு நிறம். பேண்டிலோ எல்லாம் ஒரே குடும்பத்து முகங்கள். கார்னெட்டின் வாயில் மியூட் செருகி ஓபோ மாதிரி மூக்கால் பேசவைக்கலாம். இருபது நிமிடம் அதையே கேட்டால் சலித்துவிடும். நிறத்தையே நம்பி எழுதிய பிரெஞ்சு இசையைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. வரிகள் பின்னிப் பின்னிப் போகும் இசையோ, கோஷ்டியாகக் கர்ஜிக்கும் இசையோ பேண்டில் அசலைவிட நன்றாக இருப்பதும் உண்டு.

இப்போது ரேடியோ பாட்டு. பார்க்க எளிது. நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), ஒரு மெட்டு, ஒரு பீட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் தட்டிவிடலாம். கம்ப்யூட்டரும் நன்றாகவே வாசித்துக் காட்டும். அதற்கு உதடும் வலிக்காது, மூச்சும் வாங்காது.

சிக்கல் மெட்டிலேயே இருக்கிறது. ஒரு பாடகி ஒரே சுரத்தில் பத்து எழுத்து பாடுவார். வார்த்தை மாறுகிறது, குரல் நெகிழ்கிறது, நடுவில் ஒரு பெருமூச்சு வேறு. அதனால் அது ஒரே சுரம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அந்தப் பத்தையும் கார்னெட்டில் ஊதினால் தந்தி அடிப்பது மாதிரி இருக்கும். இரண்டாவது சரணத்தில் வார்த்தை மட்டும்தான் புதிது, மெட்டு பழசு. வார்த்தையை எடுத்துவிட்டால் முதல் சரணத்தையே திரும்ப ஊதுகிறோம். மூன்றாவதில் பார்வையாளர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அடுத்தது தாளம். பாடுபவர் பீட்டுக்கு அரைத்தட்டு முன்னால் விழுவார், சில இடத்தில் பின்னால் சாய்வார். அதை அப்படியே எழுதினால் தாள் பூராவும் கொக்கி கொக்கியாக நிற்கும், ஒருவரும் படிக்க முடியாது. நேராக்கி எழுதினால் பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு ஆகிவிடும். நான் செய்வது இதுதான்: அசலை நாலு தடவை கேட்டு, எந்த இரண்டு மூன்று சாய்வுகள் இல்லாவிட்டால் பாட்டே அடையாளம் தெரியாதோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நேராக்கிவிடுவேன். பேஸ் கிட்டார் வரியை நான்கு டூபாவுக்கும் கொடுத்தால் சேறு மிதித்த மாதிரி இருக்கும். ஓடும் வரி ஒரே ஓர் ஈ ஃபிளாட் டூபாவுக்கு, மற்றவர்களுக்குத் தாளத்தின் தலைத்தட்டு மட்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு கச்சேரி பிடித்தது.

சரணத்துக்குச் சரணம் வாத்தியத்தை மாற்ற வேண்டும், யூஃபோனியத்துக்கு அசலில் இல்லாத ஒரு எதிர்வரி கொடுக்க வேண்டும், எங்காவது தாளத்தை நிறுத்தி மூச்சுவிட வைக்க வேண்டும். இதெல்லாம் அசலில் கிடையாது, நாமாகப் போடுவது. ரோஸினியில் பங்கிடும் வேலை என்றால், இங்கே பாதி இசையமைக்கும் வேலை. நம் சினிமாவில் அரேஞ்சர்கள் செய்ததும் அநேகமாக இதுதான்.

தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். கம்பெனிக்காரர்களின் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதச் சாகித்யம் எழுதினார். அவர் மெட்டுக்கு வார்த்தை கொடுத்தார். நாங்கள் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு மெட்டை மட்டும் ஜனங்களிடம் நீட்டுகிறோம்.

பிறகு சில பாட்டுகள் மட்டும் எப்படிப் பிழைத்தன? 1977-இல் பிரிக்ஹவுஸ் அண்ட் ராஸ்ட்ரிக் பேண்டு, டெரெக் பிராட்பென்ட் மாற்றி எழுதிய ‘ஃப்ளோரல் டான்ஸ்’ பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பால் மெக்கார்ட்னியின் பாட்டு. (அதே மெக்கார்ட்னி 1968-இல் பிளாக் டைக் மில்ஸ் பேண்டை வைத்து இசைத்தட்டு போட்டவர்.) ஃப்ளோரல் டான்ஸ் ஒரு ஊர்த் திருவிழா நடனத்தைப் பற்றிய பழைய பாட்டு. அதன் வரிகளிலேயே கார்னெட், டிராம்போன், யூஃபோனியம் எல்லாம் வருகின்றன. பாட்டு பேண்டைத்தான் பாடுகிறது, அதனால் வார்த்தை போனாலும் பொருள் போகவில்லை. இன்னொன்று 1997-இல் நடந்தது. கலைஞர் ஜெரமி டெல்லரின் யோசனைப்படி வில்லியம்ஸ் ஃபேரி பேண்டு ஆசிட் ஹவுஸ் இசையை வாசித்தது. மாற்றி எழுதியவர் ராட்னி நியூட்டன். மெஷினில் செய்த நடன இசையைப் பித்தளையில் ஊதுவது கேட்கக் கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்த இசையின் உயிர் குரலிலும் கவிதையிலும் இல்லை. சுற்றிச் சுற்றி வரும் சின்னச் சின்ன வடிவங்களில் இருக்கிறது. அவற்றை ஊத முடியும். கவிதைக்காக நேசிக்கப்படும் மெல்லிய காதல் பாட்டுகள்தான் பேண்டில் முதலில் சாகின்றன. கமிட்டிகள் ஆசையாகக் கேட்பதும் அவற்றைத்தான்.

உரிமை விஷயம் சட்டென்று சொல்லிவிடலாம். பிரிட்டனில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை. 1868-இல் இறந்த ரோஸினியை யாரும் கேட்காமல் மாற்றலாம். ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் இறந்தது 1957-இல், எனவே 2027 முடியும் வரை பொறுக்க வேண்டும். ரேடியோ பாட்டுக்கோ பதிப்பாளரிடம் அனுமதி வாங்காமல் பேனாவையே தொடக் கூடாது. அச்சில் வந்த செட்டை வாங்கிவிடுவது பல நேரம் நிம்மதி.

ஆள் பற்றாக்குறை என்று வந்தால் மட்டும் பாட்டுக்கு ஒரு படி மேல். பனிக்காலத்தில் எங்கள் ஒத்திகைக்குப் பதினேழு பேர்தான் வருவார்கள். சோப்ரானோ இல்லாத நாளில் ரோஸினியை எடுத்தால் புல்லாங்குழலின் இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். பாட்டை வந்திருக்கிற ஆளுக்கு ஏற்றபடி தைத்துக்கொள்ளலாம். யாரும் அசலோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதில்லை.

போட்டிக்கு என்றால் இரண்டுமே வேண்டாம், பேண்டுக்கென்றே எழுதியதை எடுங்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர்களான ஹோல்ஸ்ட் 1928-இலும் எல்கார் 1930-இலும் எழுதிக் கொடுத்த பிறகு சரக்குக்குப் பஞ்சமில்லை. கச்சேரிக்கு, இருபது பேருக்கு மேல் நிச்சயம் வருவார்கள் என்றால், ஓவர்ச்சர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். முதன்முதலாக மாற்றி எழுதிப் பழகுபவருக்கும் அதைத்தான் சொல்வேன், அதிலும் மெதுவான பகுதியாகப் பார்த்து எடுக்கச் சொல்வேன். ரோஸினியிடம் ஆறு மாதம் பங்கிடக் கற்றுக்கொண்டு பிறகு பாட்டுக்கு வரலாம். நான் தலைகீழாகச் செய்தேன்.

அந்தக் கிட்டார் பாட்டை விடவில்லை. ஈ ஃபிளாட்டுக்கு இறக்கினேன். டூபா மூன்றை அடக்கிவைத்தேன். இரண்டாம் சரணத்தைக் கார்னெட்டிலிருந்து பிடுங்கி டெனர் ஹார்னுக்குக் கொடுத்து, அடியில் யூஃபோனியத்துக்கு ஒரு வரி போட்டேன். அடுத்த ஒத்திகையில் அதே அம்மையார் தாளை வாங்கினார். வரியின் தொடக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு குறிகூட இல்லை. பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.