வெளுத்த பவளம்: இடம் மாற்றுவதா, மருந்துக் குளியலா?

உப்புநீர்த் தொட்டியில் பவளம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தால் கை பரபரக்கும். உடனே மருந்துக் கரைசலில் முக்கிவிடலாமா, இல்லை வெளிச்சம் குறைந்த மூலைக்கு நகர்த்திவிட்டுக் காத்திருக்கலாமா?

என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவதற்கே. வெளுப்பு என்பது திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுத்த நுண்பாசிகள் வெளியேறிவிட்ட நிலை. கடும் வெளிச்சமும் சூடும்தான் வழக்கமான காரணம். குளியல் அந்தப் பாசியைத் திருப்பித் தராது. தொட்டியின் அடிப்பக்கம், மிதமான நீரோட்டம், 25–26 டிகிரி செல்சியஸ், 1.025 ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட உப்புநீரின் அடர்த்தி), எல்லாம் ஆடாமல் நிற்க வேண்டும். பாசி இல்லாத பவளம் பட்டினி கிடக்கிறது. பெரிய வாயுள்ள வகை என்றால், இரவில் உணர்கொம்புகள் நீளும்போது பொடியாக நறுக்கிய இறால் துணுக்கு ஒன்றை வையுங்கள். பழைய நிறம் திரும்ப வாரங்கள், சில நேரம் மாதங்களே ஆகும். தினமும் இடம் மாற்றிப் பார்ப்பது இருக்கிறதே, அதுதான் பெரிய வில்லன்.

திசுமேல் பழுப்புக் கூழ் படிந்திருந்தாலோ, தட்டைப்புழு ஒட்டியிருந்தாலோ கதை வேறு, குளியல்தான். கூழை முதலில் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தனிப் பாத்திரத்தில் தொட்டி நீரிலேயே மருந்தைக் கலந்து, புட்டியில் போட்டிருக்கும் நேரம் மட்டும் முக்குங்கள். அப்புறம் அந்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். புழு முட்டைகள் குளியலுக்குத் தப்பிவிடும். சில நாள் கழித்து மறுபடி முக்க வேண்டியிருக்கும்.