அரசு வழக்கறிஞராக இருந்து தொழில் சட்டத்துக்கு வந்தவர்: ஒரு பட்டறைக்காரரின் மதிப்புரை

கோவை கணபதியில் ஆறு லேத்துகளை வைத்துப் பம்ப்செட்டு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் என் பட்டறைக்கு வெளியூர் நிறுவனம் ஒன்று 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் பாக்கி வைத்து, கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்று சொல்லி ஓராண்டை ஓட்டிவிட்ட பிறகுதான் தொழில் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் போனேன். வழக்கறிஞர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் தேடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி என்பதால், தம் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த அம்மையாரே கேட்டுக்கொண்டார்.

சட்டப் படிப்பு முடிந்ததும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர்ந்து, 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச உதவிக்குத் தகுதியுள்ள பெண்கள், தொழிலாளர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் அவர். பின்னர் சில காலம் அரசு வழக்கறிஞராக இருந்து உரிமையியல் வழக்குகளில் அரசுத் தரப்பைப் பார்த்திருக்கிறார். இந்த அனுபவம் கடன் வசூலுக்கு எதற்கு உதவும் என்று முதல் நாள் எனக்கு ஐயம் இருந்தது உண்மை.

அந்த ஐயம் தீர்ந்தது கோப்பைத் தயாரித்த விதத்தில். நான் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு போன காகிதங்களைப் பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், பில், வங்கிக் கணக்கு என்று பிரித்து, ஒவ்வொரு பில்லுக்கும் எதிராளியின் முத்திரை விழுந்த சலான் இருக்கிறதா என்று சரிபார்த்து, பக்க எண் போட்டு, முன்னால் ஓர் அட்டவணையும் வைத்தார். அரசு அலுவலக மேசையில் கோப்பு எப்படிப் படிக்கப்படும், எந்தத் தாள் இல்லாவிட்டால் அது திரும்பி வரும் என்பதெல்லாம் அந்த மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்தவருக்கே தெரியும் போலும்.

நான் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணத்தில் இருந்தேன். அவரோ, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி வசதியாக்க மன்றத்தில் (சிறு தொழில்களுக்கு வர வேண்டிய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) மனுச் செய்யலாம் என்றார். அந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாக, ஏறும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். எதிராளி சமரசப் பேச்சுக்கு இறங்கி வந்ததற்கு இந்தக் கடைசி விதிதான் காரணம் என்பது என் கணிப்பு.

நான் பெரிதும் மதிப்பது அவர் சொன்ன ஒரு கசப்பான செய்தியை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எனக்கு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. அதற்கு முன் அனுப்பிய சரக்குக்கான 1 லட்சத்து 85 ஆயிரம் ரூபாயை, பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துப் பார்த்தால், மன்றத்தில் கேட்பது ஆபத்து என்று கூறி, மனுவை மீதி 9 லட்சத்து 55 ஆயிரத்துக்கு மட்டும் சுருக்கினார். முழுத் தொகையையும் போட்டுப் பார்ப்போம் என்று நான் வற்புறுத்தியபோது, "கேட்க முடியாததைக் கேட்டால், கேட்க முடிந்ததையும் சந்தேகப்படுவார்கள்" என்றார். கட்டணம் கொடுக்க முடியாத கட்சிக்காரர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகியதன் விளைவு இது என்று நினைக்கிறேன்; கொடுப்பவர்களிடமும் அப்படியே பேசுகிறார்.

வசூலாகும் தொகையில் பங்கு தருகிறேன் என்றதற்கு, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்டது என்று மறுத்துவிட்டு, கட்டம் கட்டமாக ஒரு தொகையைச் சொன்னார். தொகை குறைவல்ல, என்னைப்போன்ற சிறு பட்டறைக்கு அது சுமைதான். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வந்தது.

குறைகளும் உண்டு. மனுவின் முதல் வரைவு வர 18 நாள் ஆயிற்று. மாலை ஐந்து மணிக்கு முன் தொலைபேசியில் பிடிக்க முடியாது. வட்டிக் கணக்கை ஜூனியர் தனிவட்டியாகப் போட்டிருந்ததை நான்தான் கவனித்துச் சொன்னேன். அம்மையார் மறுநாளே திருத்தினாலும், அது முதலில் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பிழை.

சமரசத்தில் அசல் 9 லட்சத்து 55 ஆயிரமும் மூன்று தவணையாக வந்து சேர்ந்தது. வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தேன். மீதி 1 லட்சத்து 85 ஆயிரத்துக்கு மூன்றாண்டுக் காலவரம்பு முடிவதற்குள் வழக்குப் போட வேண்டும் என்று பில் வாரியாகக் கடைசித் தேதிகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கான வக்கீல் நோட்டீஸ் சென்ற வாரம் போயிருக்கிறது.