ஜி*பவர் 3.1: கணக்கு சரி, கவனம் நம் பக்கம்

ஆய்வுத் திட்டத்தை எத்திக்ஸ் கமிட்டி முன் வைத்தால் தவறாமல் வரும் கேள்வி, "ஏன் இத்தனை பேர்?" என்பது. ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிட்டு விடை கண்டுபிடிக்க ஜி*பவரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரின் ஹைன்ரிக் ஹைனே பல்கலைக்கழகம் தரும் இலவச மென்பொருள் இது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். தோற்றம் பழசு, கணக்கு துல்லியம்.

பவர் என்பது, வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் நம் ஆய்வு அதைப் பிடிக்கும் வாய்ப்பு. 0.80 என்று வைத்தால், நூற்றில் 20 முறை இரண்டாம் வகைப் பிழை, அதாவது இருக்கும் வித்தியாசத்தைத் தவறவிடும் பிழை, செய்ய ஒப்புக்கொள்கிறோம்.

இரு தனிக் குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்டைத் தேர்ந்தெடுத்து, எதையும் மாற்றாமல் கால்குலேட் பொத்தானை அழுத்தினால் 176 பேர் என்று வரும். பலர் அதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். திரையில் முன்கூட்டியே இருப்பது ஒருமுனைச் சோதனை (வித்தியாசத்தை ஒரு திசையில் மட்டும் தேடுவது), எஃபெக்ட் சைஸ் (சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்த அளவு) 0.5, பவர் 0.95. 'டெயில்ஸ்' இடத்தில் 'டூ' என்றும் பவரை 0.80 என்றும் மாற்றுங்கள்; குழுவுக்கு 64 வீதம் 128 பேர் வரும்.

ஆனால் அந்த 0.5 எங்கிருந்து வந்தது? உளவியலாளர் ஜேக்கப் கோஹன் சிறிது, நடுத்தரம், பெரிது என்று சொன்ன 0.2, 0.5, 0.8 என்ற அளவுகள் வேறு ஆதாரமே கிடைக்காதபோது எடுத்துக்கொள்ள வேண்டியவை. உதாரணமாக, ஒரு புதிய பாடமுறையைச் சோதிக்கிறீர்கள்; முந்தைய ஆய்வுகளில் மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 10 என்றும், 4 மதிப்பெண் கூடினால்தான் உங்கள் பாடமுறைக்குப் பயன் உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். நாலைப் பத்தால் வகுத்தால் 0.4, இப்போது 200 பேர் வேண்டும். 0.2 என்றால் 788. ஒரு தசம இலக்கம் ஆய்வின் செலவையே புரட்டிப் போடும் என்பதால், பக்கத்திலுள்ள 'டிட்டர்மின்' பொத்தானைத் திறந்து உங்கள் துறையின் சராசரியையும் விலக்கத்தையும் இட்டுக் கணக்கிடுவதே முறை.

ஒரே ஆட்களைப் பலமுறை அளந்து ஒப்பிடும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா செய்பவர்களுக்கு ஒரு பெரிய குழி இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் காட்டும் பார்ஷியல் ஈட்டா ஸ்கொயரை (அனோவாவின் எஃபெக்ட் சைஸ் அளவு) நேரே இட்டால், அளவீடுகளுக்கிடையிலான ஒட்டுறவு இரண்டு தடவை கணக்கில் ஏறி, தேவையைவிடக் குறைந்த எண் வரும். 'ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'ஆஸ் இன் எஸ்பிஎஸ்எஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே எண்ணை இடுங்கள்.

'போஸ்ட் ஹாக்' வசதியை, ஆய்வு முடிந்தபின் கிடைத்த எஃபெக்ட் சைஸை இட்டுப் பார்க்கப் பயன்படுத்தாதீர்கள். அது பி மதிப்பையே (வித்தியாசமே இல்லையென்றாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வேறு உருவில் காட்டும். பி சரியாக 0.05 என்றால் அந்தப் பவர் ஏறக்குறைய 50 விழுக்காடு. புதிதாக எதுவும் தெரியாது. கமிட்டி உறுப்பினர்களே இதைக் கேட்பதுதான் வருத்தம்.

இடையில் விலகுபவர்களை மென்பொருள் கணக்கில் எடுக்காது. 15 விழுக்காடு பேர் விலகுவார்கள் என்றால் 128ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும்: 151, இரு குழுவாகப் பிரிக்க 152. 1.15ஆல் பெருக்கினால் 147தான் வரும். விலகியவர் போக 125 பேரே மிஞ்சுவார்கள்.

வகுப்பு வகுப்பாக மாணவர்களைச் சேர்க்கும் ஆய்வுக்கும் இதில் நேரடி வழியில்லை. வகுப்புக்கு 30 பேர், ஒரே வகுப்பினருக்குள் உள்ள ஒற்றுமைக் கெழு 0.05 என்றால், 29ஐ 0.05ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்: 2.45. அதனால் 128ஐப் பெருக்கினால் 314 பேர். இதைக் கையால் போட்டே ஆக வேண்டும்.

ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும் 384 என்ற எண்ணுக்கு இங்கே வேலையில்லை. அது ஒரு மக்கள்தொகையில் விழுக்காட்டை 5 விழுக்காடு பிழை எல்லைக்குள் மதிப்பிட. இரு குழுக்களை ஒப்பிட அல்ல.

கணக்கு முடிந்ததும் 'புரோட்டோகால்' தாவலில் உள்ளீடுகளும் விடைகளும் வரிசையாக நிற்கும். அதை அப்படியே நகலெடுத்துப் பின்னிணைப்பில் ஒட்டி, எஃபெக்ட் சைஸ் எந்த ஆதாரத்தில் வந்தது என்று மட்டும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.