இரத்தமா, சதைத்துண்டா? பெரியம்மாவுக்கு நாங்கள் முதலில் எடுத்த சோதனை

போன வைகாசிச் சடங்கில் பெரியம்மா கோயில் மண்ணில் இருந்தவர், எழும்ப முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. தலை சீவக் கை உயராது, பஸ் படி ஏறக் கால் வராது என்று முதலே சொல்லிக்கொண்டுதான் இருந்தார், நாங்கள்தான் வயது என்று விட்டுவிட்டோம். இரத்தத்தில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற நொதிகள் கூடியிருந்ததால் ஒரு மாதம் ஈரல் வருத்தம் என்று மட்டக்களப்பு முழுக்க அலைந்தோம். தசை சிதைந்தாலும் அந்த இரண்டும் கூடுமாம். தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதியைப் பார்த்தபோது 7000க்கு மேல்; சாதாரண ஆளுக்கு 200 அளவில்தான் இருக்கும்.

மயோசைட்டிஸ், அதாவது தசை அழற்சி, என்ற சந்தேகம் வந்ததும் அடுத்த கேள்வி: உடம்பு தன்னையே தாக்க உண்டாக்கும் புரதங்களை இரத்தத்தில் தேடும் பிறபொருளெதிரிப் பரிசோதனையா, தசையில் துண்டெடுக்கும் பயாப்சியா?

நோவில் எது லேசு என்று சொல்லத் தேவையில்லை. காசைப் பார்த்தால் பயாப்சிதான் வெல்லும், அரச வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. இரத்தத்துக்கு நாங்கள் தனியாரிடம் கட்டினோம், மாதிரி கொழும்புக்குப் போய் ரிப்போர்ட் வர இரண்டு கிழமைக்கு மேலாயிற்று.

இருந்தும் நான் இரத்தத்தின் பக்கம்தான். பயாப்சி தசைக்குள் நடப்பதைக் காட்டும், அவ்வளவுதான். எந்தப் பிறபொருளெதிரி என்று தெரிந்தாலோ உடம்பில் வேறு எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பெரியம்மாவுக்கு வந்தது ஜோ-1 என்ற பிறபொருளெதிரி. அது வந்தால் நுரையீரலைப் பார்க்காமல் விடக்கூடாது என்று டொக்டர் உடனே சிடி எழுதினார். ஒரு இருமல்கூட இல்லாத மனுசிக்கு இரண்டு நுரையீரலின் அடியிலும் தழும்பு தொடங்கியிருந்தது. அதற்குப் பதில் டிஐஎஃப்1 காமா என்ற இன்னொன்று வந்திருந்தால் அவர் வயதுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடியிருப்பார்கள். எம்டிஏ5 என்றால் சிகே சாதாரணமாக இருக்கும்போதே நுரையீரல் சில கிழமைகளில் மோசமாகலாம். எச்எம்ஜிசிஆர் என்றால் முதல் வேலை, கொலஸ்ட்ரோலுக்குப் போடும் ஸ்டாட்டின் குளிசையை நிறுத்துவது.

ஒரு விசயம், கலத்தின் கருவைத் தாக்கும் பிறபொருளெதிரிகளைத் தேடும் ஏஎன்ஏ சோதனை நெகட்டிவ் என்றதும் ஆறுதல் அடையாதீர்கள். ஜோ-1 ஒட்டுவது கலத்தின் கருவில் இல்லை, கருவுக்கு வெளியே குழியவுருவில், அதனால் ஏஎன்ஏயில் அது தப்பிப் போகலாம். பெரியம்மாவின் ஏஎன்ஏயும் நெகட்டிவ்தான்.

சரி, இரத்தம் எங்கே சறுக்கும்? இந்தச் சோதனை பட்டையில் விழும் கோடுகளைப் பார்ப்பது. மங்கலான கோடு சிலவேளை சும்மாவும் விழும், நோயாளியின் உடம்போடு பொருந்தாவிட்டால் அதை நம்பி மருந்து தொடங்கக்கூடாது. ஒன்றும் வராவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது, ஜோ-1 வருவதே மயோசைட்டிஸ்காரரில் ஐந்தில் ஒருவருக்குத்தான். புள்ளி கூட்டி நோயை வகைப்படுத்தும், 2017இல் வந்த சர்வதேச வகைப்பாட்டில்கூட இத்தனை பிறபொருளெதிரிகளில் ஜோ-1க்கு மட்டும்தான் புள்ளி. ஐம்பது தாண்டியவருக்கு விரல் மடக்கும் பலமும் தொடைப் பலமும் மெல்ல மெல்லக் குறைந்து, ஸ்டீரொயிட்டுக்கும் அசையாவிட்டால் அங்கே பயாப்சி இல்லாமல் சரிவராது. எம்ஆர்ஐ நாங்கள் எடுக்கவில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

பயாப்சிக்குக் குறித்த திகதியை ஜோ-1 ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டரே வெட்டிவிட்டார். பெரியம்மா இப்போது கதிரையைப் பிடித்துத் தானாக எழும்புகிறார், நிலத்தில் இருக்க மட்டும் இன்னும் விடுவதில்லை.