கலப்பற்றா, ஃபைபர் உறையா?

எங்கள் 28 அடிப் பாய்மர வள்ளத்தை ஐப்பசியில் வல்வெட்டித்துறைக் கரையில் இழுத்து ஏற்றினோம். மாசியில் வடகிழக்கு வாடைக் காற்று தணிந்ததும் கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலை, அங்கிருந்து காலி என்பது திட்டம். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலக்க முன்னம் காலியைப் பிடித்துவிட வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடலில் புயல் காலம். ஆக, கையில் நாலு மாதம் இருந்தது. பலகை இணைப்புகளோ பல இடங்களில் விட்டிருந்தன. பழையபடி கலப்பற்று அடிப்பதா, அதாவது பலகை இடுக்குகளில் நூல் திரியை அடித்து இறுக்குவதா, வெளிப்புறம் முழுவதும் கண்ணாடி இழை விரித்து ரெசின் பூசி மூடிவிடுவதா என்று வீட்டில் இரண்டு கிழமை பேச்சு.

பாய் விஷயத்தில் இப்படி மண்டையை உடைக்க வேண்டியிருக்கவில்லை. பருத்திப் பாய் நனைந்தால் கனக்கும், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பொலியெஸ்டர்தான். வெயிலுக்கு முதலில் போவது அதன் தையல் நூல் என்பதால், தையலை மட்டும் இன்னொரு முறை போட்டோம்.

ஃபைபர் உறைக்கு உள்ள நன்மைகளை மறைக்க மாட்டேன். வேலை தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்; கலப்பற்று அடிக்கத் தெரிந்த ஓடாவியை, அதாவது வள்ளம் கட்டும் தச்சரை, தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வெப்பக் கடலில் கப்பற்புழு மரத்தைச் சல்லடையாக்கிவிடும்; உறை முழுதாக இருக்கும்வரை அது உள்ளே போக முடியாது. விற்கப் போனாலும் வழுவழுவென்று இருக்கும் வள்ளத்துக்கு ஆள் சீக்கிரம் வரும்.

அப்படியிருந்தும் நான் கலப்பற்றின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஈரம். பலகை நனைந்தால் அகலவாட்டில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ரெசின் ஏறிய இழை அப்படி அசையாது. ஒன்று அசைய, மற்றது அசையாமல் நிற்க, நடுவில் ஒட்டு விடும். ஒட்டு விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. அதுவும் மேல்தட்டால் ஒழுகும் மழைத் தண்ணீர் என்றால், உப்புத் தண்ணீரைவிட வேகமாக மரத்தை உக்க வைக்கும். தெரிந்தவர் ஒருவரின் பழைய வள்ளத்தில் இதை நேரிலேயே கண்டேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே இறங்கி, அடிமரமான ஏராவை ஒட்டிய பலகையில் பேனாக்கத்தியை வைத்து அழுத்த, பிடி வரை போனது. அந்த உறை அதற்குப் பத்து வருடத்துக்கு முன் போட்டது என்று சொன்னார்.

நன்றாகக் காய்ந்த மரத்தில் எபொக்சி என்ற ரெசினைப் போட்டால் ஒட்டு சாதாரண ரெசினைவிடப் பல மடங்கு உறுதியாக நிற்கும். புதிதாகக் கட்டும் வள்ளம் என்றால் நானும் அதைத்தான் யோசித்திருப்பேன். ஆனால் விலை அதிகம். எங்களுக்குக் கிடைத்த நாலு மாதமும் மாரி. பலகையைக் கையால் தடவிப் பார்த்த ஓடாவி ஐயா சொன்னது இது: “தம்பி, மாரிக்குள்ள இது காயாது. இப்ப மூடினியளெண்டால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுவியள்.”

கலப்பற்றுக்கு மரம் அந்தளவு காயத் தேவையில்லை. மழை விட்ட நாட்களில், தறப்பாளுக்குக் கீழே, ஐயாவும் நானும் தம்பியும் அடித்து முடித்தோம். பழைய திரியைக் கொக்கியால் கிண்டி எடுத்து, பருத்தி நூலை முறுக்கி, மழுங்கிய உளியை வைத்துக் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் அடிப்பது. முதலில் ‘பொத்’ என்று கேட்கும். திரி இறுக இறுகச் சத்தம் கணீரென்று மாறும். ஐயா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நிறுத்துவார். ஆர்வத்தில் நான் கூடுதலாக அடித்த ஓரிடத்தில் பக்கத்து இணைப்பு திறந்துகொண்டது. அதையும் மறுபடி அடிக்க வேண்டி வந்தது. பிறகு குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினோம்.

தை கடைசியில் கடல் அடங்கிய ஒரு கிழமையில் இறக்கிப் பார்த்தோம். முதல் விடியற்காலை 14 வாளி தண்ணீர் இறைத்தோம். இரண்டாம் நாள் 6. நாலாம் நாள் ஒன்றரை. பலகை ஊறி இறுகிவிட்டது.

பராமரிப்பு என்று பார்த்தால் கலப்பற்றுக்குத்தான் வேலை கூட. வருடத்துக்கு ஒருமுறை ஏற்றி, சுரண்டி, புழுவுக்குச் செப்பு மை பூச வேண்டும். விட்ட இடங்களை மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் எங்கே விட்டது என்று கண்ணுக்குத் தெரியும். திருகோணமலையில் ஒழுகினாலும் கரையில் சாய்த்து, அரை நாளில் நானே அடிப்பேன். எங்கள் வல்வெட்டித்துறையில் 1930இல் வேப்பமரத்தில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அப்போது வள்ளத்துக்குப் பூச ரெசின் ஏது! மரமும் திரியும் அவ்வளவு தூரம் தாங்கியிருக்கின்றன என்பது எனக்குப் பெரிய தைரியம்.

நீண்ட ஓட்டத்தில் எங்கள் கலப்பற்று எப்படி நிற்கிறது என்று காலி போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்ல முடியும். இன்றைக்கு வாடை இன்னும் மத்தியானத்தில் எழும்புகிறது. ஒரு டின் குங்கிலியம், இரண்டு உருண்டை நூல், ஐயாவின் பழைய உளி மூன்றையும் வள்ளத்தின் பின்பக்கப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு ஒன்று மாற்றக் கிடக்கிறது.