பிராக் போகிறவர்கள் கவனத்துக்கு: ‘கமிஷன் 0%’ பலகையும் பச்சைப் பொத்தானும்

இவருக்கு வியன்னாவில் ஆபீஸ் வேலை, கூடவே நானும் போயிருந்தேன். வாரநாட்களில் இவருக்கு மீட்டிங், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் இருவருக்கும் ரயில். பிராக்கையும் புடாபெஸ்டையும் அப்படித்தான் பார்த்தோம். ஊர்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பணம் போன விதத்தை மட்டும் எழுதுகிறேன். பிக்பாக்கெட்டுக்குப் பயந்து பாஸ்போர்ட்டை இடுப்போடு கட்டிக்கொண்டு திரிந்தோம். எங்கள் பணத்தை எடுத்தவர்களோ, ஒவ்வொரு முறையும் ரசீது கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

ஷெங்கன் விசா ஒன்றை வைத்துப் பல நாடு சுற்றலாம் என்பதால் யூரோவும் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். பிராக் இருக்கும் செக் நாடு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது, ஆனாலும் அங்கே புழங்குவது கொருனாதான். புடாபெஸ்ட் இருக்கும் ஹங்கேரியில் ஃபோரிண்ட்.

பிராக்கில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் வாடகையில் ஐயாயிரம் கொருனாவை ரொக்கமாகக் கேட்டிருந்தார். அன்றைக்கு ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா. 200 யூரோ மாற்றினால் கணக்கு சரியாகிவிடும். பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சார்லஸ் பாலத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் கார்லோவா தெரு என்ற சந்து வழியாகத்தான் போகும். அந்தப் பக்கம் பொம்மைக் கடைகளுக்கும் இனிப்புக் கடைகளுக்கும் நடுவில் பணம் மாற்றும் கடைகள். நாங்கள் நுழைந்த கடையில் ‘கமிஷன் 0%’ என்று ஆள் உயரத்துக்குப் பலகை. ரேட் எங்கே என்று தேடினால், கண்ணாடிக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒரு காகிதம். நோட்டை நீட்டியதும் அந்தப் பெண் மின்னல் வேகத்தில் ரசீதைத் தள்ளி, கையெழுத்து வாங்கி, பணத்தை எண்ணி வைத்துவிட்டாள்.

3,480 கொருனா. அதாவது யூரோவுக்கு 17.40. கமிஷன் வாங்கவில்லை என்பது சத்தியமான வார்த்தை, ரேட்டிலேயே முப்பது சதவீதத்தை உருவிவிட்டார்கள்.

அங்கேயே நின்று திருப்பிக் கேட்டோம். முடிந்தது முடிந்ததுதான், கையெழுத்துப் போட்டாயிற்று என்றாள். இவர் வெளியே வந்து, கூட வேலை செய்யும் செக் நண்பருக்குப் போன் போட்டார். அவர் சொன்ன விஷயத்தைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். செக் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பணமாற்றுக் கடையில் மாற்றிய பணத்தை, ஆயிரம் யூரோ மதிப்பு வரை, மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ரசீதோடு மாற்றிய கடைக்கே போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பப் போனோம். முதலில் மேனேஜர் இல்லை என்றாள், அப்புறம் இங்கிலீஷே புரியாதவள் மாதிரி இருந்தாள். இவர் குரலை உயர்த்தவில்லை. மூன்று மணி நேரச் சட்டம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் கடைகளுக்கு உரிமம் கொடுத்து மேற்பார்வை பார்ப்பது செக் தேசிய வங்கி. அங்கே புகார் எழுதுவோம் என்று சொல்லி ரசீதை நான் படம் எடுக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் நின்ற தம்பதி நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு நழுவினார்கள். அப்போதுதான் எங்கள் 200 யூரோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தது. மன்னிப்பெல்லாம் கிடையாது.

வாடகைக்கு இன்னும் பணம் வேண்டுமே. சதுக்கத்துக்குப் பக்கத்தில் வங்கி எதையும் ஒட்டாமல் தனியாக நின்ற ஏடிஎம்மில், ஊரிலிருந்து யூரோ ஏற்றி எடுத்துப்போன ஃபாரெக்ஸ் கார்டைப் போட்டோம். ஐயாயிரம் கொருனா கேட்டதும் திரையில், ‘இதை ரூபாயில் மாற்றித் தருகிறோம், ரேட் உறுதி’ என்று வந்தது. ஏற்கிறேன் என்பது பெரிய பச்சைப் பொத்தான். மறுக்கிறேன் என்பதைப் பார்த்தால் பரிவர்த்தனையே நின்றுவிடும் போலத் தோன்றும்படி ஒரு ஓரத்தில் வைத்திருந்தார்கள். உண்மையில் மறுத்தால் எதுவும் நிற்காது. பணம் கொருனாவிலேயே வரும், ரேட்டைக் கார்டு நிறுவனம் போடும், அது எவ்வளவோ மேல்.

பச்சையை அமுக்கினால் என்ன ஆகும்? எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். இயந்திரம் பதின்மூன்று சதவீதம் வைத்துக் கொருனாவை ரூபாயாக்கியது. கார்டிலோ இருந்தது யூரோ. அதனால் கார்டுக்காரர்கள் அந்த ரூபாயை மறுபடி யூரோவாக்கி, வேறு கரன்சிக்கான மூன்றரை சதவீதத்தைத் தங்கள் பங்குக்குப் பிடித்துக்கொண்டார்கள். 200 யூரோவுக்கு எடுத்த பணத்துக்கு 234 யூரோ கழிந்திருந்தது. மூன்று மணி நேரச் சட்டம் கடைக்குத்தான், இயந்திரத்துக்குக் கிடையாது.

பிராக்கில் ரொக்கம் பெரிதாகத் தேவையும் இல்லை. டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம். வாடகையையும் கார்டில்தான் கொடுப்போம் என்று புக் செய்யும்போதே பேசிவிடுங்கள். ரொக்கம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் வங்கிக் கட்டடத்தில் இருக்கும் ஏடிஎம்முக்குப் போங்கள். அங்கேயும் இந்தக் கேள்வி வந்தால் மறுத்துவிடுங்கள்.

இதே வித்தை புடாபெஸ்டில் வாட்சி தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது. கார்டு மெஷினில் ரூபாயா ஃபோரிண்டா என்று கேட்ட கேள்விக்கு சர்வரே ரூபாயை அமுக்கிவிட்டு, பின் நம்பர் போடச் சொல்லி நீட்டினார். இந்த முறை இவர் விடவில்லை. கேன்சல் செய்யச் சொல்லி, ஃபோரிண்டில் புதிதாகப் போடவைத்தார். பில்லில் ஏற்கெனவே 15 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். அதற்கு மேல் டிப்ஸ் வேறு கேட்டார்! அடி வரி வரைக்கும் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அதே ஊரில் மெட்ரோ டிக்கெட்டையும் கவனியுங்கள். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ரயில் ஏறும் முன்னால், நுழைவிலேயே இருக்கிற மெஷினில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் செல்லாத டிக்கெட், பரிசோதகர் அபராதம் போட்டுவிடுவார். 1896-இல் திறந்த முதலாம் எண் மெட்ரோவின் அழகைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனால் இது மறந்துபோகும்.

வியன்னாவில் ஓப்பராவைச் சுற்றி மொஸார்ட் வேஷத்தில், விக் வைத்துக்கொண்டு கச்சேரி டிக்கெட் விற்பவர்களிடம் நாங்கள் வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் எந்த அரங்கு, யார் வாசிக்கிறார்கள் என்பதை டிக்கெட்டிலேயே காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கார்டு நிறுவனத்துக்கு எழுதிய புகாருக்குப் பதில் வந்தது: திரையில் நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள், எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. ஏடிஎம் நிறுவனம் பதிலே போடவில்லை.